பிராக் பழைய யூதக் கல்லறைத் தோட்டம்: கற்கள் ஏன் இவ்வளவு நெருக்கமாக உள்ளன?

கேள்வி:
அண்மையில் பிராக் நகரின் பழைய யூதக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கற்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. இது பராமரிப்பின்மையால் நேர்ந்ததா?

பதில் 1:
இல்லை, ஐயா. யூதர்களுக்கு அடக்கம் செய்ய வேறு இடம் போதாமலும், பழைய கல்லறைகளை அகற்றச் சமயநெறி இடம் கொடுக்காமலும் இருந்ததால், மேலே புதிய மண்ணைக் கொட்டி, அடியிலிருந்த கற்களையும் மேலே தூக்கி நட்டு, சில இடங்களில் பத்து அடுக்குகளுக்கும் மேலாகப் புதைத்தார்கள். யூத சமயகுருவும் கவிஞருமான அவிக்தோர் காராவின் 1439ஆம் ஆண்டுக் கல்லே மிகப் பழையது. கடைசி அடக்கம் 1787இல் நடந்தது. ஏறத்தாழ 12,000 கற்கள் எஞ்சியுள்ளன. வானியலாளர் தாவித் கான்ஸின் (மறைவு 1613) கல்லில் பெருவாத்து செதுக்கப்பட்டிருக்கும். ஜெர்மன் மொழியில் கான்ஸ் என்றால் பெருவாத்து. கைகள் இரண்டு விரிந்திருந்தால் குருமார் வழியினர், குடம் இருந்தால் லேவியர், அதாவது கோவில் பணியில் குருமாருக்கு உதவிய குலத்தினர். இவற்றைப் படிக்கத் தெரிந்தால் அந்தத் தோட்டமே பேசத் தொடங்கிவிடும்.

பதில் 2:
கற்களின் பாதுகாப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மணற்கல் மழையிலும் நகரப் புகையிலும் பொரிந்து உதிர்வதால், காராவின் மூலக்கல்லைக் கட்டடத்துக்குள் எடுத்துவைத்து, தோட்டத்தில் நகலை நிறுத்தியிருக்கிறார்கள். அது சரியான முடிவென்றே கருதுகிறேன். புகழ்பெற்ற யூத சமயகுரு ரபி லோவின் (மறைவு 1609) கல்லறை இடுக்குகளில் வேண்டுதல் சீட்டுகளைச் செருகுவதைத் தயவுசெய்து தவிர்க்கலாம். மரபுப்படி சிறு கூழாங்கல் ஒன்றை மேலே வைத்தாலே போதும்.