அப்டேட்: கருப்பு இங்க் கலங்குற பிரச்சனை சரியாச்சு

படம் வரையுறப்போ கருப்பு இங்க் கோடு மேல சாம்பல் வாஷ் (தண்ணி கலந்த இங்க்கோட மெல்லிய பூச்சு) போட்டா கோடு கரைஞ்சு கலங்குது, பேப்பரும் நெளியுதுன்னு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

வாட்டர்ப்ரூஃப் இந்தியன் இங்க்குக்கு மாறுங்கன்னு ஒருத்தர் சொன்னாரே, அதான் வேலை செஞ்சது. அதுல இருக்குற ஷெல்லாக்ங்கிற பிசின் காஞ்சதும் கோட்டை பிடிச்சு வச்சுக்குது, மேல எத்தனை வாஷ் போட்டாலும் அந்த அடர் கருப்பு அப்படியே நிக்குது, பாக்கவே அவ்ளோ அழகா இருக்கு. நெளியுறதுக்கு 300 ஜிஎஸ்எம் தடிமனான வாட்டர்கலர் பேப்பரை நாலு பக்கமும் டேப் ஒட்டி போட்டேன், சரியாயிடுச்சு.

எதிர்பாக்காதது ஒண்ணு, ரொம்ப தண்ணி கலந்த வாஷ் காஞ்சப்புறமும் லேசா கரையுது, இங்க்கை பேப்பர்ல பிடிச்சு வைக்குற பைண்டர் குறைஞ்சிடுதுல்ல, அதனால வெளிர் டோன் கடைசில போடுங்க. இந்த இங்க்கை ஃபவுண்டன் பேனால ஊத்தாதீங்க, அடைச்சுக்கும், பிரஷ்ஷையும் உடனே கழுவிடுங்க.