ஆண், பெண் கட்டமும் திரும்பி வந்த கிளெய்மும்: உங்கள் அனுபவம் என்ன?

நான் திருநம்பி. ஆவணங்களை எல்லாம் ஆண் என்று மாற்றிய பிறகு கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் போனேன். தாடியோடு உட்கார்ந்திருந்த என்னிடம் நர்ஸ், "உங்க மனைவி எங்க சார்?" என்றார். அதைச் சிரித்துச் சமாளித்துவிடலாம். காப்பீட்டுப் பணத்துக்குப் போட்ட கிளெய்மை அப்படிச் சமாளிக்க முடியவில்லை. 'பாலினமும் சிகிச்சையும் பொருந்தவில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கருப்பைவாய் இருக்கும்வரை அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பும் இருக்கிறது, ஆவணம் என்ன சொன்னாலும். போதாததற்கு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவர்களுக்குப் பாப் ஸ்மியரில், அதாவது கருப்பைவாயிலிருந்து எடுக்கும் செல்களின் பரிசோதனையில், மாதிரி 'போதவில்லை' என்று வருவது மற்றவர்களைவிட அதிகம். திரும்பப் போ, திரும்பக் கட்டு. இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கான சோதனைக்கு நாமே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம், உலக சுகாதார நிறுவனம் ஏற்ற முறைதான். கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. லேப் கணக்கில் மட்டும் நான் பழையபடி பெண்ணாகவே இருந்தேன். ஹீமோகுளோபின் 12.4, நார்மல் என்று ரிப்போர்ட். பெண்களுக்கு 12க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை, ஆண்களுக்கு 13க்குக் கீழேயே ரத்தசோகை. டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும் உடம்பை ஆண் அளவோடுதான் ஒப்பிட வேண்டும். சிவப்பில் வரும் ரிப்போர்ட்டைக்கூட யாராவது பார்ப்பார்கள். நார்மல் என்று வருவதை யார் பார்க்கிறார்கள்?

*

தம்பி, எனக்கு இது தலைகீழாக நடந்தது. நான் திருநங்கை. பாலின மாற்று அறுவை சிகிச்சையில் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியை எடுப்பதில்லை, அது உள்ளேதான் இருக்கும். சிறுநீர்த் தொந்தரவுக்காகப் பரிசோதித்தால், பெண்ணுக்கு ஏது புராஸ்டேட் என்று பணம் மறுத்தார்கள். டாக்டரோ புராஸ்டேட் புற்றுநோயைக் கண்காணிக்கப் பார்க்கும் பிஎஸ்ஏ என்ற ரத்த அளவு 4க்குள் இருக்கிறது, பயமில்லை என்றார். நான் எடுக்கும் பெண் ஹார்மோனான எஸ்ட்ரோஜன் அந்த அளவை ஏற்கெனவே கீழே இறக்கி வைத்திருக்கும் என்று நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஃபீஸ் மட்டும் நான் கொடுத்தேன்!

அதற்கு முன்னால் வேறொருவர், காது வலிக்கே ஹார்மோனை நிறுத்தச் சொன்னவர். விடுங்கள்.

*

நான் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்தவன். இப்படிப்பட்ட நிராகரிப்பைப் பெரும்பாலும் மனிதர் யாரும் படிப்பதே இல்லை. சிகிச்சைக் குறியீட்டையும் பாலினத்தையும் மென்பொருள் ஒப்பிடுகிறது, ஒத்துவரவில்லையென்றால் தள்ளிவிடுகிறது. எனவே போனில் சண்டை போட்டுப் பயனில்லை. 'இந்த உறுப்பு இவருக்கு இருக்கிறது, பரிசோதனை மருத்துவரீதியில் தேவை' என்று டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கி, எழுத்துமூலம் மேல்முறையீடு செய்யுங்கள். அப்போதுதான் ஒரு ஆள் கண்ணில் படும். ஹார்மோனையும் அறுவை சிகிச்சையையும் 'அழகு சிகிச்சை' என்று பாலிசியே விலக்கியிருந்தால் கதை வேறு, அது கடினம்.

*

எனக்கு இரண்டு கட்டமும் பொருந்தாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-யின் 11ஆம் பதிப்பு, ஐசிடி-11, வந்தபோது சந்தோஷப்பட்டேன். 2019இல் ஏற்கப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்த அந்தப் பட்டியலில் நாம் மனநோய் அத்தியாயத்திலிருந்து பாலியல் நலம் என்ற அத்தியாயத்துக்கு மாறினோம். முழுதாக நீக்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. குறியீடே இல்லையென்றால் எதைக் காட்டிக் கிளெய்ம் போடுவது? அதனால் வைத்திருப்பதுதான் சரி என்பேன். ஆனால் பல மருத்துவமனைகளின் கணினி இன்னும் பழைய ஐசிடி-10இல்தான் ஓடுகிறது. அதில் நாம் எஃப்64, மனநோய் வரிசைதான்.

சிறுநீரகச் சோதனையில் நடந்தது இது. தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கழிவான கிரியேட்டினினை வைத்துப் போடும் கணக்குக்கு ஆணா பெண்ணா என்பது தேவை. ஒரே ரத்தத்துக்கு இரண்டு விடை வரும். எதைப் போட்டீர்கள் என்று கேட்டேன். "எது வேணும்னு சொல்லுங்க, போட்டுத் தர்றேன்" என்றார் லேப்காரர். தசையின் அளவை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி சோதனையைக் கேட்டு எடுத்தேன். காப்பீட்டில் வராதாம், கைக்காசுதான்.