சரியாகக் கட்டாத லோடு: உங்கள் கண் முன்னால் நடந்தது என்ன?

பிளைவுட் பார்த்தவன்

பகல் நேரம், காற்றே இல்லை. முன்னால் ஒரு சின்ன டெம்போ, பாடி நிறைய பிளைவுட். குறுக்கே ஒரே ஒரு சுற்று கயிறு, அதுவும் நடுவில். பலகை பக்கவாட்டில் சரியாமல் இருந்தால் போதும் என்று கட்டியவர் நினைத்திருப்பார் போல. வேகம் ஏற ஏற மேல் பலகையின் முன் நுனி லேசாகத் தூக்கி, மறுபடி அடங்கியது. தூங்குகிறவர் வயிறு மூச்சுக்கு ஏறி இறங்குமே, அவ்வளவு நிதானம்.

ஹாரன் அடித்தேன். டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, முந்திப் போ என்று காட்டினார். மறுபடி அடித்தேன். மறுபடி அதே கை, இந்த முறை கொஞ்சம் கோபமாக. அந்தக் கை உள்ளே போவதற்குள் பலகை கயிற்றுக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு எழுந்துவிட்டது. என் கார் கூரைக்கு மேலாகப் போய்ப் பின்னால் எங்கோ விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. நல்ல வேளை, பின்னால் வண்டி எதுவும் இல்லை. டெம்போக்காரர் நிற்கவே இல்லை. ஒரு பலகை குறைந்தது அவருக்குத் தெரியவே தெரியாது என்று நினைக்கிறேன்.

இப்பவும் யாராவது ஜன்னல் வழியாகக் கை காட்டி முந்தச் சொன்னால் முந்த மனசு வரமாட்டேங்குது. உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

ரெண்டு சக்கரம்

எனக்கு பைப். அதுவும் பைக்கில் போகும்போது.

ஊர்ந்து போகிற டிராஃபிக். முன்னால் இரும்பு பைப் ஏற்றின லாரி. எல்லாப் பைப்பும் பின்பக்கம் ஒரே வரிசையில் நிற்குது, நடுவில் இருந்த ஒன்றின் முனையில் மட்டும் சிவப்புத் துணி. லாரி நின்று நின்று நகருது, நானும் அதே அளவு தள்ளி நின்று நகருறேன். கொஞ்ச நேரத்தில் ஏதோ சரியில்லைன்னு பட்டது. லாரிக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி அப்படியேதான் இருக்கு, ஆனா துணி மட்டும் கிட்ட வருது.

பிரமைன்னுதான் முதலில் நினைச்சேன். அடுத்த தடவை லாரி உதறிக் கிளம்பினப்போ கண் கொட்டாமல் பார்த்தேன். பைப் ஒரு சாண் வெளியே வந்துச்சு. அடுத்த உதறலுக்கு இன்னொரு சாண். பின்னாடி பஸ், இடப்பக்கம் கார், பின்னுக்கு நகரவும் முடியாது. ஒரு மேடு வந்துச்சு. லாரிக்காரர் கிளட்சை விட்டதும் துணி நேரா என் ஹெட்லைட்டுக்கு மேல வந்து நின்னுச்சு. வண்டியைச் சாய்த்து, கால் ஊன்றி, காருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் எப்படியோ நுழைஞ்சிட்டேன். பைப்போட பின் முனை தார் ரோட்டில் குத்தி, முன் முனை இன்னும் கட்டுக்குள்ளேயே மாட்டிக்கிட்டு, தீப்பொறி பறக்க இழுத்துக்கிட்டே போச்சு.

துணி கட்டினவர் கை அந்தப் பைப்பைத் தொட்டிருக்குமே. ஆடுதான்னு ஒரு தடவை இழுத்துப் பார்த்திருக்கலாமே. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

பழைய ஃபோர்மேன்

ரெண்டு சக்கரம் தம்பி, கோபப்படாதீங்க. நீளமான லோடுக்கு நேர் பின்னால் நிற்கலாமா? பக்கவாட்டில் ஒதுங்கி, டிரைவர் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நிற்பதுதான் முறை.

என் கதை சின்னது. ஒரு லேத் மெஷினை, "அது கனமே அதைப் பிடிச்சுக்கும்" என்று சொல்லிக் கட்டாமலே அனுப்பினார்கள். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வாசலைத் தாண்டித் திரும்பும்போதே பாடியின் பக்கப் பலகையைப் பிளந்துகொண்டு இறங்கிவிட்டது. மெஷின் அடியில் எண்ணெய், லாரித் தளம் வழவழப்பான இரும்புத் தகடு. வேறென்ன நடக்கும்?

கனமே பிடிக்கும் என்பது எவ்வளவு தப்பு என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எடை கூடினால் உராய்வு கூடும், உண்மைதான். ஆனால் பிரேக் போடும்போது முன்னால் தள்ளுகிற விசையும் அதே அளவு கூடும். ஒன்றை ஒன்று அடித்துவிடும். ஒரே தளத்தில் 1 டன் சாமான் எந்தப் பிரேக்குக்கு வழுக்குமோ, அதே பிரேக்குக்கு 10 டன் சாமானும் வழுக்கும். லோடின் எடையில் 80 சதவீதம் முன்னால் தள்ளும், 50 சதவீதம் பக்கவாட்டிலும் பின்னாலும் தள்ளும் என்று வைத்துத்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் லோடு கட்டுவதற்குக் கணக்குப் போடுகிறார்கள். எண்ணெய்ப் பசையுள்ள இரும்பு மேல் இரும்பு இருந்தால் உராய்வு தாங்குவது 10, மிஞ்சினால் 20 சதவீதம். நடுவில் ரப்பர் பாய் விரித்தால் 60 வரை வரும். மீதியைப் பெல்ட்டோ செயினோ முட்டோதான் தாங்க வேண்டும்.

அடுத்து, பெல்ட் போட்டுவிட்டேன் என்று கைதட்டிக்கொள்கிறவர்களுக்கு. லோடுக்கு மேலே போட்டு இறுக்குகிற பெல்ட் செங்குத்தாக இறங்கினால் முழு இழுவையும் லோடைக் கீழே அழுத்தும். தளத்தோடு 30 டிகிரி சாய்வில் படுத்துக் கிடந்தால் பாதிதான் அழுத்தும். உயரம் குறைந்த சாமானில் எப்போதும் இந்தக் கோளாறுதான். பெல்ட்டில் முடிச்சுப் போட்டால் அந்த இடத்தில் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். கூர் விளிம்பில் மூலைக் காப்பு வைக்காமல் இழுத்தால் பெல்ட்டை லோடே அறுத்துவிடும். கேபினுக்குப் பின்னால் உள்ள தடுப்புக்கும் லோடுக்கும் நடுவே இடைவெளி விடவே கூடாது. விட்டால் லோடு அந்த இடைவெளியில் வேகம் எடுத்துத்தான் வந்து மோதும்.

தம்பி பார்த்த பைப்புக்கும் காரணம் உண்டு. உருண்டையான சாமானை மேலிருந்து எவ்வளவு இறுக்கினாலும் ஓரத்தில் இருப்பவைதான் அழுந்தும். நடுவில் மாட்டியது தளர்வாகவே இருக்கும். சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி ஏற்றி, முன்னும் பின்னும் தடுப்புக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. கிளம்பும்போது இறுக்கியது வழியில் இறுக்கமாகவே இருக்காது. குலுங்கக் குலுங்க லோடு படியும், பெல்ட் தொங்கும். அமெரிக்க விதிப்படி முதல் 50 மைலுக்குள், அதாவது சுமார் 80 கிலோமீட்டருக்குள், டிரைவர் ஒரு முறை இறங்கிப் பார்த்தே ஆக வேண்டும்.

ரெண்டு சக்கரம்

ஐயா, கண்ணாடியில் தெரிகிற மாதிரிதான் ஆரம்பத்தில் நின்னேன். டிராஃபிக் நம்மை எங்க நிறுத்துதோ அங்கதானே நிற்கமுடியும். ஆனா அந்த நடுப்பைப் விஷயம் இப்பதான் புரியுது.

காயில் வண்டி

ஃபோர்மேன் ஐயா கணக்கெல்லாம் சரி. லோடு ஏத்துற இடத்துல டிரைவர் பேச்சு எடுபடணுமே, அதுக்கு என்ன கணக்கு?

நான் ஸ்டீல் காயில், அதான் இரும்புத் தகட்டைச் சுருட்டி வெச்ச பெரிய உருளை, ஏத்திட்டுப் போற டிரைவர். காயிலோட துளை வண்டியோட நீளவாக்குல பார்த்தா, உருண்டா பக்கத்துலதான் உருளும். துளை பக்கவாட்டுல பார்த்தா நேரா கேபினுக்குத்தான் வரும். அன்னிக்கு இப்படி வைக்காதீங்கன்னு சொன்னேன். கிரேன்காரருக்கு அவசரம், லோடிங் சூப்பர்வைசருக்கு அதைவிட அவசரம். செயின் போட்டு, முன்னாடி ஆப்புக்கட்டை அடிச்சு, பேப்பரைக் கையில கொடுத்து அனுப்பிட்டாங்க.

இறக்கத்துல ஒரு கார் குறுக்கே புகுந்துச்சு. அழுத்திப் புடிச்சேன். கட்டை நொறுங்குன சத்தம் முதல்ல, அப்புறம் செயின், அப்புறம் முதுகுக்குப் பின்னாடி ஒரு இடி. கேபின் தகடு வளைஞ்சு என் சீட்டு முதுகைத் தொட்டுடுச்சு. அதோட நின்னுச்சு.

வண்டி நிக்குது, ஹேண்ட் பிரேக் போட்டாச்சு. ஆனா பிரேக்குல இருந்து காலை எடுக்க முடியல. எடுத்தா ஒரு குலுங்கு குலுங்கும், அது போதும் மிச்சமும் உள்ள வர. மூச்சைக்கூட சத்தமா விடல. கிளீனர் தம்பி அவன் பக்கக் கதவைத் திறந்து பூனையாட்டம் இறங்கி, நாலு சக்கரத்துக்கும் கல்லு வெச்சான். அவன் "அண்ணே, இப்ப வாங்க"ன்னு சொன்னப்புறமும் கொஞ்ச நேரம் உக்காந்தேதான் இருந்தேன். இறங்கினா கால் விறைச்சுப் போய் நடக்க வரல.

அப்புறம் விசாரணைன்னு வந்தவங்க முதல்ல கேட்ட கேள்வி, "நீ ஏன் அவ்வளவு வேகமா பிரேக் போட்டே?"

மழைநேரத்து மல்லிகா

காயில் அண்ணா, படிக்கும்போதே கை சில்லிட்டுவிட்டது.

எங்களுடையது காருக்குப் பின்னால் இழுக்கிற சின்ன டிரெய்லர். வாடகைக்கு எடுத்தது. சாமான் ஏற்றியவர்கள் சக்கரம் வைத்த ஜெனரேட்டரை டிரெய்லரின் நடுவில் வைத்து, சக்கரத்துக்கு ஒன்றும் முட்டுக் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். அது போகிற போக்கில் கடைசிக்கு உருண்டுபோயிருக்கிறது. எங்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: என் பக்கத்துக் கண்ணாடியில் டிரெய்லரின் பக்கவாட்டு முழுக்கத் தெரிந்தது. தெரியவே கூடாது. "டிரெய்லர் உன் பக்கம் வந்துடுச்சு" என்று கணவர் சொல்லி முடிப்பதற்குள் அது அவர் பக்கம் போய்விட்டது. அப்புறம் இங்கே, அங்கே, இங்கே. ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிட அகலம்.

அவர் கால் பிரேக்குக்குப் போனது. "மிதிக்காதீங்க!" என்று கத்தினேன். என் அப்பா டிராக்டர் ஓட்டியவர், அவர் சொல்லிக் கேட்டது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, அதுவாக அடங்கும்வரை காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் என்று எங்கள் இருவருக்கும் இன்றைக்கும் ஒத்துப்போவதில்லை.

நாற்பது டயர்

அக்கா, அது மாதிரி ஆடும்போது வேகத்தைக் கூட்டினா டிரெய்லர் நேராயிடும். நாங்க அப்படித்தான் செய்வோம்.

பழைய ஃபோர்மேன்

நாற்பது டயர், தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லித் தராதீர்கள். ஆட்டம் வேகத்தோடு வளர்கிற ஒன்று. ஒரு நொடி நேரான மாதிரி இருக்கும், அடுத்த வீச்சு பெரிதாக வரும். டிரெய்லருக்கெனத் தனி பிரேக் கைப்பிடி இருந்தால் அதை மட்டும் மெதுவாக இழுக்கலாம். அம்மா செய்ததுதான் சரி. பின்கனம் இருந்தால் எந்த டிரெய்லரும் ஆடும், கனத்தில் பாதிக்கு மேல் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும்.

நாற்பது டயர்

எங்க வண்டியில தனி பிரேக் இருக்கு, அதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அதை எழுதாம விட்டது உங்களுக்குச் சாக்காப் போச்சு.

கதவுக்குப் பின்னாடி

ரோட்டில் விழுவதையே எல்லோரும் சொல்கிறீர்கள். நான் கண்டெய்னர் இறக்குகிற வேலை. எங்களுக்கு ஆபத்து வண்டி நின்ற பிறகுதான் ஆரம்பம்.

டிரைவரைக் குறை சொல்லமாட்டேன். சீல் வைத்த பெட்டி, உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியாது. வழியெல்லாம் குலுங்கி, அட்டைப்பெட்டி எல்லாம் கதவில் சாய்ந்து நிற்கும். கதவுப் பூட்டுக் கம்பியைத் திருப்பும்போதே கை சொல்லிவிடும். சும்மா திரும்ப வேண்டியது இறுகியிருந்தால் உள்ளிருந்து ஏதோ தள்ளுகிறது என்று அர்த்தம். எங்கள் ஆள் ஒருவரிடம், "இரு, கதவில் குறுக்கே பெல்ட் போட்டுட்டுத் திறக்கலாம்" என்றேன். "அட்டைப்பெட்டிதானே" என்றார். பெட்டிக்குள் டைல்ஸ்.

உயிர் தப்பினார், தோள்பட்டைதான் போயிற்று. இப்போது நாங்கள் ஒரு கதவை மட்டும், அதுவும் அந்தக் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு கொஞ்சமாகத் திறந்து பார்க்கிறோம்.

சும்மா எட்டிப்பார்த்தேன்

இவ்வளவு பெரிய கதைகளுக்கு நடுவில் என்னுடையது காமெடி. நண்பன் வீடு மாறும்போது மெத்தையைக் கார் கூரையில் போட்டு, ஒரு மெல்லிய கயிறு கட்டி, மிச்சத்தை ஆளுக்கொரு கையால் ஜன்னல் வழியாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் பின்னால் பைக்கில். மெதுவாகப் போனவரை சரி. மெயின் ரோட்டுக்கு ஏறினதும் மெத்தை எழுந்தது, கூடவே நாலு ஜன்னலிலிருந்தும் நாலு கை எழுந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் விட்டார்கள். நல்ல வேளை விட்டார்கள். இப்பவும் அவன், "இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சிருந்தா நின்னிருக்கும்" என்றுதான் சொல்கிறான். ஃபோர்மேன் ஐயா, நின்றிருக்குமா?

பழைய ஃபோர்மேன்

நிற்காது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நாலு மடங்கு. கை நாலுதான்.