யாங்கில் விலான் எண்: டைப்டெஃப் வரம்பு 0..4095 ஆ, 1..4094 ஆ?

வலைக்கண்:
யாங் (வலைக்கருவிகளின் அமைப்புகளை வரையறுக்கும் மொழி) மாட்யூலில் விலான் (ஒரே வலையை மெய்நிகராகப் பிரித்த பகுதி) எண்ணுக்கு யுஇன்ட்16 (குறியில்லா 16 பிட் முழு எண்) அடிப்படையில் டைப்டெஃப் (பெயரிட்ட புது வகை) எழுத வேண்டும். புலம் 12 பிட், ஆகவே 0..4095 என்று வைத்துவிட்டு, வேண்டிய லீஃபில் (ஒரு மதிப்பை வைக்கும் கணுவில்) 1..4094 என்று சுருக்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வழிவந்த வகையில் வரம்பைச் சுருக்கலாம், அகட்ட முடியாது. முதலிலேயே குறுக்கிவிட்டால் 0 வேண்டிய லீஃபுக்கு அது உதவாது.

கடைமடை:
0 விலானே இல்லை, முன்னுரிமையை மட்டும் சுமக்கும் டேக் (பாக்கெட்டோடு ஒட்டிவரும் குறிப்பு). 4095 ஒதுக்கப்பட்டது. ஒரே ஒரு லீஃபில் சுருக்க மறந்தாலும் சர்வர் (அமைப்பை ஏற்கும் கருவி) 4095-ஐ வாங்கிக்கொள்ளும், பிழை சுவிட்சுக்குள் போய்த்தான் தலைகாட்டும். தரநிலை அமைப்பான ஐஇஇஇ வெளியிட்ட மாட்யூலின் விலான் வகையே 1..4094 தான். யாங் தரநிலையான ஆர்எஃப்சி 7950-இன் 11ஆம் பிரிவையும் பாருங்கள்: வெளியிட்ட பிறகு வரம்பை அகட்டலாம், சுருக்கக் கூடாது. அகலமாகத் தொடங்கினால் திரும்ப வழியில்லை.

வலைக்கண்:
நீங்கள் சொல்லும் அந்த அகட்டலில்தான் ஆபத்து. டைப்டெஃபை அகட்டினால் அதைப் பயன்படுத்தும், தனி வரம்பு போடாத எல்லா லீஃபும் சத்தமில்லாமல் அகலும். ரிவிஷன்-டேட் (பதிப்புத் தேதி) குறிக்காமல் இம்போர்ட் செய்த மாட்யூல்களும் தப்பாது.

கடைமடை:
அதனால்தான் டைப்டெஃபைத் தொடாதீர்கள் என்கிறேன். 0 வேண்டிய இடத்தில் யூனியன் (பல வகைகளில் ஒன்றை ஏற்கும் வகை) போடுங்கள்: உறுப்பு ஒன்று விலான் வகை, மற்றது 'நோன்' என்ற எனுமரேஷன் (குறித்த பெயர்களை மட்டும் ஏற்கும் வகை). யூனியனில் எழுதிய வரிசைப்படிதான் பொருத்திப் பார்க்கும். ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) வகையை முதலில் வைத்தால் எண்ணையும் அதுவே விழுங்கிவிடும்.

வலைக்கண்:
எனுமரேஷன் பழைய மிப்-உடன் (யாங்குக்கு முந்தைய மேலாண்மைத் தரவு வரையறை) ஒட்டாது. அந்த மிப்பை வரையறுக்கும் ஆர்எஃப்சி 4363-இல் 'எண் அல்லது எதுவுமில்லை' வகைக்கு 0, 'எண் அல்லது எதுவானாலும்' வகைக்கு 4095. ஒவ்வொரு முறையும் மாற்றியெழுத வேண்டும்.

கடைமடை:
அங்கேயும் இரண்டும் தனித்தனிப் பெயருள்ள வகைகள்தானே! எண்ணே வேண்டுமென்றால் "0 | 1..4094" என்று இன்னொரு டைப்டெஃப் எழுதுங்கள். பொது வகையை அகட்டாதீர்கள்.

முடிச்சு:
எந்தப் பக்கம் போனாலும் டீஃபால்ட்டைக் (மதிப்பு தராதபோது எடுத்துக்கொள்ளும் மதிப்பை) கவனியுங்கள். மாட்யூலில் டீஃபால்ட் "0100" என்று எழுதினால் அது எட்டை அடிமானமாகக் கொண்ட ஆக்டல் முறை, விலான் 64 ஆகிவிடும். எக்ஸ்எம்எல் தரவில் வரும் 0100 மட்டும் 100 தான். மூல வகையில் டீஃபால்ட் 1 இருக்க, வழிவந்ததில் 100..199 என்று சுருக்கினால் புது டீஃபால்ட் கொடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் மாட்யூல் செல்லாது.

வலைக்கண்:
தனி டைப்டெஃபுக்குச் சம்மதம். எனுமரேஷனுக்கு இல்லை.