பார் வாசல்ல நிக்கிற பைக்குகள்: நீங்க நேர்ல பார்த்ததை எழுதுங்க

நானே ஆரம்பிக்கிறேன். எங்கப்பா திருச்சி–மதுரை நாலுவழிச் சாலை ஓரத்துல பஞ்சர் கடை வெச்சிருக்கார். எதிர்த்தாப்புலயே ஒயின்ஷாப், ஒட்டினாப்புல பார். வழக்கறிஞர் பாலு நடத்தின வழக்குல 2016 டிசம்பர் 15 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு: நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை கூடாது. 20,000 பேருக்குக் குறைவான ஊர்னா 220 மீட்டர்னு பிறகு தளர்த்தினாங்க. 2017 ஏப்ரல்ல எதிர்க்கடையைப் பூட்டினப்போ அப்பா வேலையைப் போட்டுட்டு வந்து நின்னு பார்த்தார். அந்த வாசல்ல அவர் தூக்கி விட்டவங்க அத்தனை பேர்.

சில மாசத்துல கண்மாய்க்கரைப் பாதையில கடை திறந்துட்டாங்க. தூரக்கணக்கு சரிதான். ஆனா அங்க பஸ் போகாது, ஷேர் ஆட்டோ வராது. முன்னாடி பஸ் ஸ்டாப் பக்கத்துல இருந்தப்போ பாதிப் பேராவது பஸ் ஏறி வீடு போய்ச் சேர்ந்தாங்க. இப்ப குடிக்கணும்னாலே பைக்தான். திரும்பி வர்றதும் அதே பைக்ல, விளக்கில்லாத கரையில. போலீஸ் ஊதச் சொல்றது மெயின் ரோட்டுலதான், கரைப்பக்கம் யாரும் நிக்கிறதில்லை.

போன ஆடி மாசம் ராத்திரி பத்தே காலுக்கு, சைக்கிள்ல வந்த எங்க தெருப் பெரியவரை ஒரு பைக் அடிச்சுப் போட்டுடுச்சு. உயிர் தப்பிட்டார், முட்டிக்குக் கீழே கால் போயிடுச்சு. இடிச்ச பையனுக்கு 22 வயசு. எங்கப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு, "ரெண்டு கட்டிங்தான் மாமா, ரெண்டே ரெண்டு"ன்னு அழுதான். அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு.

*

தம்பி, நான் அரசு ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவுல நர்ஸ். "ரெண்டு கட்டிங்தான்"ங்கிறதை வாரத்துக்கு நாலு தடவை கேக்குறேன். ரெண்டு கட்டிங்னா ஒரு குவாட்டர், 180 மில்லி. 60 கிலோ ஆம்பளை வெறும் வயித்துல வேகமாக் குடிச்சா, 100 மில்லி ரத்தத்துல 150 மில்லிகிராம் பக்கம் ஏறிடும். சட்டம் அனுமதிக்கிறது 30. உடம்பு மணிக்குச் சுமார் 15தான் இறக்கும். ராத்திரி பத்துக்குக் குடிச்சவன் காலையில ஆறு மணிக்குத்தான் அந்த 30-கிட்ட வருவான். விடியக்காலம் லோடு ஏத்தக் கிளம்புற டிரைவருங்க வீட்டுல இதைச் சொல்லுங்க. தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும்னு நிஜமாவே நம்புறாங்க.

*

நான் ரெண்டு வருஷம் பார்ல டேபிள் துடைச்சவன். பத்து மணிக்குக் கடை மூடிடும், அதனால ஒன்பதரைக்கு மேல ஒரே தள்ளுமுள்ளு. சாயங்காலம் ஒரு மணி நேரம் உக்காந்து குடிக்கிற குவாட்டரை அந்நேரம் பத்து நிமிஷத்துல முடிப்பாங்க. போதை முழுசா ஏறுறதுக்குள்ள வண்டியில உக்காந்திருப்பாங்க. நல்லாத்தானே இருக்கேன்னு அவங்களுக்கே தோணும். பாதி வழியிலதான் தூக்கும்.

ஒரு நாள் ஒரு அண்ணன் சைடு ஸ்டாண்டையே எடுக்க முடியாம நின்னார். சாவியை வாங்கி வெச்சுக்கிட்டேன், அவர் பொண்டாட்டிக்குப் போன் போட்டேன். அக்கா மச்சானோட வந்து கூட்டிட்டுப் போனாங்க. பார் எடுத்தவர் மறுநாள் என்னைத் திட்டினார்: "நாளைக்கு எவன் வருவான் நம்ம பாருக்கு?" அத்தோட நின்னுட்டேன். பாருக்கு லைசன்ஸ் குடுக்கிறப்பவே, தள்ளாடுறவன் சாவியை வாங்கி வைக்கணும்னு ஒரு நிபந்தனை போட்டா, என்னை மாதிரி வேலை பார்க்கிற பையனுக்குத் திட்டு விழாது.

*

அண்ணே, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்குத் தெருப் பொம்பளைங்களோட போறோம். கடையை எடுக்கணும்னு மட்டும்தான் எழுதியிருந்தேன். நீங்க சொன்ன சாவி விஷயத்தை ரெண்டாவதாச் சேர்த்துட்டேன். அக்கா, உங்க கணக்கையும் எழுதிக்கிட்டேன். பெரியவரும் வர்றேன்னு சொல்லியிருக்கார்.