98 செவ்ரோலே பிக்கப்: ஏற்றத்தில் மட்டும் மிஸ் அடிக்கிறது, பி0300 போக மாட்டேன் என்கிறது

மேட்டுநிலத்தான்:

வணக்கம். டெக்சாஸில் ஆஸ்டினுக்கு மேற்கே இருக்கிறேன். வண்டி 1998 செவ்ரோலே சி1500, 5.7 லிட்டர் வோர்டெக் வி8, ஆட்டோமேட்டிக். 1,80,000 மைல் தாண்டிவிட்டது. ஆடுகளுக்குத் தீவனம், வேலிக்கம்பி எல்லாம் ஏற்றிப்போக எனக்கு இருப்பது இது ஒன்றுதான். விற்கும் எண்ணம் இல்லை.

ஐடிலிங்கில் ஒழுங்காக நிற்கிறது. சமதரையிலும் தொல்லை இல்லை. ஏற்றத்தில் 50 மைல் வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் மிஸ் அடிக்கத் தொடங்குகிறது, அதாவது சிலிண்டர்களில் பெட்ரோல் சரியாக எரியாமல் விட்டுப்போகிறது. வண்டியே குலுங்குகிறது, செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. மழை பெய்த மறுநாள் காலையில் இன்னும் மோசம். வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் பிழைக் கோட் எப்போதும் பி0300 (பல சிலிண்டர்களில் மாறிமாறி மிஸ்) மட்டும்தான், குறிப்பிட்ட சிலிண்டர் எதையும் காட்டுவதில்லை.

பிளக், பிளக் வயர், ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப், அதற்குள் சுழலும் ரோட்டர், ஃபியூயல் ஃபில்டர் எல்லாம் புதுசு. இப்போது ஒரு ஒர்க்ஷாப்பில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அசெம்பிளியையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். செலவு செய்வதற்கு முன் வேறு என்ன பார்க்கலாம்? போன வருடம் கூலன்ட் ஒழுகியதால் இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கட் மாற்றினார்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா தெரியாது, சொல்லி வைக்கிறேன்.

நெடுஞ்சாலை77:

இந்த இன்ஜினில் இன்ஜெக்டர் தகராறு எல்லோரும் அறிந்ததுதான் நண்பரே. நடுவில் இருக்கும் யூனிட்டிலிருந்து எட்டு பிளாஸ்டிக் குழாய் கிளம்பி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சின்ன வால்வு இருக்கும். கரி படிந்தால் அது ஒட்டிக்கொள்ளும். புதிய மாடல் அசெம்பிளி வாங்கிப் போட்டால் சரியாகிவிடும். என் தம்பி வண்டியில் அப்படித்தான் தீர்ந்தது.

வால்வுசத்தம்:

நெடுஞ்சாலை சொல்வது பொய்யில்லை. ஆனால் இன்ஜெக்டர் வால்வு ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் அந்த ஒரு சிலிண்டர்தான் அடி வாங்கும், கோடும் பி0304, பி0307 என்று அதன் எண்ணோடு வரும். ஐடிலிங்கிலேயே நடுக்கம் தெரியும். மேட்டுநிலத்தானுக்கு ஐடிலிங் நன்றாக இருக்கிறது, லோடு ஏறினால்தான் மிஸ், ஈரம் இருந்தால் அதிகம். மூன்றும் சேர்ந்து ஸ்பார்க் பக்கம் கை காட்டுகின்றன. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூட பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். அந்த வோல்டேஜ் வேறு சுலபமான வழி கிடைத்தால் அதில் ஓடிவிடும்.

அப்புறம், அந்த கேஸ்கட் வேலை. நீங்கள் கடைசி வரியில் போட்டதை நான் முதல் வரியாக எடுத்துக்கொள்கிறேன். இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றாமல் இன்டேக்கைத் தூக்க முடியாது. திரும்ப எப்படி வைத்தார்கள் என்பதுதான் கேள்வி.

அம்பாசடரிலும் பழைய பெட்ரோல் ஜீப்பிலும் கை பழகியவர்களுக்கு, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் டைமிங் மாறும் என்பது பாலபாடம். இங்கே மாறாது. ஸ்பார்க் எப்போது வர வேண்டும் என்பதை கிராங்க் சென்சாரை வைத்து கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. திருப்பினால் மாறுவது, ஸ்பார்க் வரும் அந்த நேரத்தில் ரோட்டரின் முனை எந்த டெர்மினலுக்கு எவ்வளவு நேராக நிற்கிறது என்பது. கொஞ்சம் விலகி நின்றால் லேசான லோடில் சமாளித்துவிடும். ஏற்றத்தில் ஸ்பார்க் பக்கத்து டெர்மினலுக்குத் தாவும். ஒரு நேரம் இந்த சிலிண்டர், ஒரு நேரம் அந்த சிலிண்டர். அதனால்தான் பி0300. நிறைய விலகினால் பி1345 (கேம், கிராங்க் நிலை பொருந்தவில்லை என்ற கோட்) வரும். கொஞ்சமாக விலகினால் அந்தக் கோடே வராது, அதனால்தான் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

பார்க்கும் வழி: கேம் ரிடார்ட் (கிராங்கோடு ஒப்பிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் எத்தனை டிகிரி விலகி நிற்கிறது) என்ற அளவைக் காட்டும் ஸ்கேனர் வேண்டும். கோட் மட்டும் படிக்கும் மலிவு கருவியில் அது தெரியாது. உதிரிபாகக் கடையிலோ தெரிந்த மெக்கானிக்கிடமோ இரவல் கேளுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானதும் 1,000 ஆர்பிஎம்முக்கு மேல் பிடித்துக்கொண்டு பாருங்கள், அதற்குக் கீழே அந்த எண்ணை நம்பக்கூடாது. 0 இருக்க வேண்டும், 2 டிகிரி முன்பின் பரவாயில்லை.

அதே நேரத்தில் ஃபியூயல் பிரஷரையும் பார்த்துவிடுங்கள். சாவி போட்டு இன்ஜின் ஓடாமல் 60 முதல் 66 பிஎஸ்ஐ வர வேண்டும். இந்த இன்ஜெக்டர்களுக்குப் பிரஷர் கொஞ்சம் குறைந்தாலே ஸ்டார்ட் ஆகத் தடுமாறும். ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம்மும் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது) தெரியும். ஐடிலிங்கில் பிளஸ் அதிகமாக இருந்து ரேஸ் பண்ணும்போது குறைந்தால் எங்கோ காற்று உள்ளே போகிறது. லோடில் ஏறிக்கொண்டே போனால் பெட்ரோல் போதவில்லை. இந்த எண்கள் வரும்வரை ஒரு பொருளும் வாங்காதீர்கள். விளக்கு மின்னும்போது மிதிக்கவும் வேண்டாம். எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும்.

ஒர்க்ஷாப்வாசி:

இன்னொன்றும் பாருங்கள். இந்த தட்டையான கேப்பில் வயர் வரிசை பழைய செவ்ரோலே வி8 மாதிரி சுற்றி வராது. ஃபயரிங் ஆர்டர் அதே 1-8-4-3-6-5-7-2 தான், ஆனால் கேப்புக்குள்ளேயே இணைப்புகள் குறுக்கே மாறிப் போகும். கேப்பின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். ராத்திரி இருட்டில் பானட்டைத் திறந்து, வயர்கள் மேல் ஸ்பிரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். கசிவு இருந்தால் நீலப் பொறி கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டுநிலத்தான்:

எல்லோருக்கும் நன்றி. பக்கத்து நிலத்துக்காரரிடம் நல்ல ஸ்கேனர் இருந்தது. ஃபியூயல் பிரஷர் 62, அணைத்த பிறகும் இறங்காமல் நிற்கிறது. டிரிம் இரண்டு பக்கமும் பிளஸ் 3, 4 அளவில்தான். வயர் வரிசை சரி, இருட்டில் பொறி எதுவும் இல்லை.

கேம் ரிடார்ட் 11 காட்டியது.

கேப்பைக் கழற்றிப் பார்த்தேன். புதுசு போட்டு அதிக நாள் ஆகவில்லை, ஆனால் உள்ளே இரண்டு டெர்மினல்களுக்கு நடுவே முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டைத் தளர்த்தி, பக்கத்து நிலத்துக்காரர் 1,500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொள்ள, துளித்துளியாகத் திருப்பி 0-வுக்குக் கொண்டுவந்தோம். போல்ட்டை இறுக்கும்போது 1 டிகிரி நகர்ந்தது, அப்படியே விட்டுவிட்டேன். அந்த கேப்பை வைத்துக்கொண்டே ஓட்டலாமா?

வால்வுசத்தம்:

வேண்டாம். அந்தக் கறுப்புக் கோடு கரி. கரியில் மின்சாரம் ஓடும், ரோட்டர் எவ்வளவு நேராக நின்றாலும் ஸ்பார்க் அந்த வழியே போகப் பார்க்கும். கேப், ரோட்டர் இரண்டையும் மாற்றுங்கள். டெர்மினல் அலுமினியமாக இல்லாமல் பித்தளையாக இருப்பதை வாங்குங்கள், ஈரத்தில் பூத்துப்போகாது. பிளக் இடைவெளியையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். 0.060 அங்குலம் இருக்க வேண்டும், அதற்கு மேல் விரிந்திருக்கக்கூடாது.

மேட்டுநிலத்தான்:

பித்தளை டெர்மினல் கேப் போட்டாயிற்று. நேற்று முழு லோடு தீவனத்தோடு அதே ஏற்றத்தில், தூறலில் போனேன். ஒரு மிஸ் கூட இல்லை. இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு மனமார்ந்த நன்றி அண்ணா. இத்தனை மாதம் மிஸ் அடித்ததில் கன்வெர்ட்டர் கெட்டிருக்குமா?

வால்வுசத்தம்:

ரொம்ப சந்தோஷம். ஸ்கேனர் இன்னும் கையில் இருந்தால், கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பாருங்கள். சூடான வண்டியில் ஒரே வேகத்தில் போகும்போது அந்த வோல்டேஜ் பெரிதாக ஆடாமல் நிற்க வேண்டும். முன்னால் இருக்கும் சென்சார் போலவே மேலும் கீழும் குதித்தால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை. ஏற்றத்தில் இழுவை நன்றாக இருக்கிறது என்பதால் அடைப்பு இருக்காது என்றே நினைக்கிறேன். அந்த எண்ணை எழுதுங்கள், பார்க்கலாம்.