பெரிய ரக நாய்க்குட்டி வளர்த்தவர்களே, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

டேன் வீட்டுக்காரர்:

எங்கள் கிரேட் டேனுக்கு அப்போது ஏழு மாதம். கால் மட்டும் வளர்ந்து, உடம்பு பின்னால் வந்துசேரும் பருவம் உங்களுக்கே தெரியும். நடைக்குப் போனபோது எதிரே வந்த பெரியவர் ஒருவர் நின்றார். குனிந்து அவன் விலாவைத் தடவினார். இவனோ பழக்கப்படி தன் மொத்த எடையையும் அவர் தொடையில் சாய்த்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு நின்றான். பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "வாயில்லா ஜீவன். வயிறாரப் போடக் கூடாதா?" என்றார். என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, போய்விட்டார்.

அதற்கு முந்தைய வாரம்தான் டாக்டர் அதே விலாவைத் தடவி, "இப்படியே கொண்டுபோங்கள்" என்று சொல்லியிருந்தார். லேசாகத் தடவினாலே விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். ஒல்லியா குண்டா என்று டாக்டர்கள் போடும் ஒன்பது புள்ளிக் கணக்கில் நாலு அல்லது ஐந்து. இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் அன்று இரவு எடை எழுதும் நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தேன். குட்டிகளின் வயதுக்கேற்ற எடையைக் காட்டும் வால்தம் வளர்ச்சி வரைபடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், அது வளர்ந்தபின் 40 கிலோ வரை போகும் நாய்களுக்குத்தான். டேன் அந்தக் கோட்டையெல்லாம் தாண்டியவன். ஆகவே நோட்டு, கை, கண் மூன்றுதான் துணை. அந்தப் பெரியவரின் முகம் மட்டும் இன்னும் போகவில்லை.

ஷெப்பர்ட் பித்தன்:

எனக்கு மறக்காதது நொண்டல். எட்டு மாத ஜெர்மன் ஷெப்பர்ட். காலையில் வலது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு வந்தது. சரி, எங்கோ குதித்திருக்கிறது என்று ஓய்வு கொடுத்தோம். சில நாளில் அந்தக் கால் சரியாகி, இடது கால் நொண்டியது! வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். டாக்டர் மூட்டுகளையெல்லாம் மடக்கி நீட்டிப் பார்த்தார், சத்தமே இல்லை. அப்புறம் முழங்கைக்கு மேலே நீள எலும்பின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினார். இதுவரை யார் மேலும் பல் படாத குட்டி, சட்டென்று திரும்பி அவர் மணிக்கட்டை வாயில் பிடித்துக்கொண்டது. கடிக்கவில்லை, பிடித்தது, அவ்வளவுதான். அவரும் கையை இழுக்காமல், "பனோஸ்டியைடிஸ், எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்துகொள்ளலாம்" என்றார். நீள எலும்புக்குள் வரும் அழற்சி அது. வளரும் பெரிய ரகங்களில், அதிலும் ஷெப்பர்டில் அதிகம் வருவது. கால் மாறி மாறி வலிக்கும், வளர்ச்சி முடிந்தால் தானே அடங்கிவிடும். எங்களுக்கும் அடங்கியது. ஆனால் அந்தப் பிடி என் கண்ணிலேயே நிற்கிறது. அவ்வளவு வலியை வைத்துக்கொண்டுதான் தினமும் வாசல் வரை ஓடி வந்திருக்கிறது.

ராட்வீலர் அண்ணன்:

குட்டியை வாங்கும்போதே கையில் கால்சியம் பாட்டிலையும் கொடுத்தார்கள், "இதைக் கொடுத்தால்தான் எலும்பு பருக்கும்" என்று. டாக்டர் வாங்கிப் பின்பக்கம் படித்தார், மேசை டிராயரில் போட்டு மூடினார். திருப்பித் தரவேயில்லை. இதுதான் என் சம்பவம்.

இனி டேன் நண்பருக்கு. பெரியவர் சொன்னதை நீங்கள் ஏன் சுமக்கிறீர்கள்? ஒல்லியாக வளர்ப்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து ஜோடி ஜோடியாக வைத்து, ஒன்றுக்கு மட்டும் கால் பங்கு குறைத்துப் போட்டு ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். முடிவு 2002இல் வந்தது. குறைத்துச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போனது. குட்டி வேகமாக ஊதினால் எலும்பு ஈடுகொடுக்காது. கால்சியமும் அப்படித்தான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு மிகையான கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது. அதனால் பெரிய ரகக் குட்டி உணவுக்கு அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு, ஈரம் நீக்கிய கணக்கில் 1.8 சதவீதம் என்று உச்சவரம்பே வைத்திருக்கிறது. ஏற்கெனவே சரியாகக் கலந்த உணவின் மேல் சிரப் ஊற்றுவது கெடுதல். கருத்தடையையும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். எலும்பு நுனியில் நீளம் கூடும் இடமான வளர்ச்சித் தட்டுகள் உரிய காலத்தில் மூடுவதற்குப் பாலின ஹார்மோன் வேண்டும். 2013இல் டேவிஸ் பல்கலைக்கழகம் கோல்டன் ரிட்ரீவர்களில் செய்த ஆய்வில், ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்தவற்றில் மூட்டுக் கோளாறு கூடுதலாகத் தெரிந்தது. எப்போது செய்வது என்று உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள். வழுக்கும் தரையில் விரிப்பு போடுங்கள். வண்டியிலிருந்து குதிக்க விடாதீர்கள். ஓடுபவர்கள் கூடவே இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள், ஒன்றரை வயது ஆகட்டும்.

பெர்னார்ட் அம்மா:

அண்ணா, அவர் ஒல்லி சரியா தவறா என்று கேட்கவேயில்லையே. அந்தப் பார்வை வலித்தது என்கிறார். ஆராய்ச்சி அதற்கு மருந்தாகுமா?

என்னுடையது எடை பற்றியது. ஐந்து மாத செயின்ட் பெர்னார்ட், உருண்டை முடி. குடற்புழு மருந்துக்குப் போனோம். ஒரு கிளினிக்கில் உதவியாளர் தூரத்திலிருந்தே பார்த்து, "40 இருக்கும்" என்று சீட்டில் எழுதிவிட்டார். தராசு மூலையில்தான் இருந்தது, அதன் மேல் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தார்கள். நான் பெட்டிகளை இறக்க ஆரம்பித்ததும் அவருக்குக் கோபம். "தினமும் நூறு நாய் பார்க்கிறோம்மா" என்றார். நிறுத்துப் பார்த்தால் 31 கிலோ. முடியை நம்பி மருந்து கொடுத்தால் யாருக்கு ஆபத்து? குட்டி வாராவாரம் மாறுகிறது, அதன் மருந்தளவும் கூடவே மாறுகிறது. போன தடவை எடையைக்கூட நம்பக் கூடாது. இப்போதும் எந்த கிளினிக் போனாலும் முதலில் தராசு எங்கே என்றுதான் பார்க்கிறேன்.

டேன் வீட்டுக்காரர்:

நன்றிம்மா, நீங்கள் சொன்னதுதான். அண்ணனின் தகவல் எல்லாம் சரி, படித்து வைத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றில் ஒத்துப்போக முடியவில்லை. "ஒன்றரை வயது ஆகட்டும்" என்பது எல்லா நாய்க்கும் பொதுக் கணக்கு ஆகாது. டேன் மாதிரி ராட்சத ரகங்களில் வளர்ச்சித் தட்டு மூட ஒன்றரை வயதைத் தாண்டலாம், சிலவற்றில் இரண்டைத் தொடும். எங்கள் நோட்டில் உயரம் நின்ற பிறகும் எடை ஏறிக்கொண்டே வந்தது. மார்பு விரிந்து தசை பிடித்ததெல்லாம் அதற்கப்புறம்தான். பெரியவர் பார்த்தது பாதியில் நின்ற ஒரு குட்டியை.

இன்னொன்று. பெரும்பாலான பெரிய ரகங்கள் ஐந்து மாத வாக்கில் முதிர்ந்த எடையில் பாதியை எட்டிவிடும் என்று எங்கள் டாக்டர் சொன்னார். பெர்னார்ட் அம்மா, உங்கள் 31 கிலோ கடைசியில் எங்கே போய் நின்றது? நோட்டு இருந்தால் ஆறு, ஒன்பது, பன்னிரண்டு மாத எடைகளைப் போடுங்கள். வரைபடம் இல்லாத ரகம் வளர்ப்பவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க அதுவாவது இருக்கட்டும்.